குப்பியை எடுப்பதற்கு முன்: மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக் கடை நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும், கவுன்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன் நான். நான் எழுதும் சீட்டு கடைசியில் உங்களிடம்தான் வந்து சேருகிறது. என் கையெழுத்தை என்னைவிட நன்றாக வாசிக்கிறவர்களும் நீங்கள்தான்.

சாரல் காலம் தொடங்கிவிட்டால் என் அறைக்கு வெளியே இரண்டு வகைப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். கண் சிவந்து பீளை தள்ளியவர்கள் ஒரு வகை, காதைப் பொத்திக்கொண்டு அழுகிறவர்கள் இன்னொரு வகை. அவர்களில் அநேகம் பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு சொட்டு மருந்தைப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். என்ன மருந்து என்று கேட்டால் பையைத் துழாவி ஒரு குப்பியை எடுத்து நீட்டுவார்கள். மேலட்டை இருக்காது, பெயர் பாதி அழிந்திருக்கும். "கடையில சொன்னோம் சார், குடுத்தாங்க" என்பார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், "கண்ணு வலின்னு சொன்னோம்". அவ்வளவுதான் பேச்சு.

மருந்துக் கடைகளைக் குறை சொல்லி எழுதுவது எங்கள் ஆட்களுக்குப் பழகிப்போன வேலை. அதற்காக நான் உட்காரவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் ஒரு தாய்க்கு நான் எட்டாத தூரத்தில் இருக்கிறேன், நீங்கள் தெருமுனையில் இருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் நான் செய்ய முடியாத ஒன்றை உங்களால் செய்ய முடியும். குப்பியை எடுப்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்க முடியும். என்ன கேள்வி, ஏன் கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண். 'மெட்ராஸ் ஐ' என்று நம் ஊர்ப் பெயரையே சுமந்து திரிகிற நோய் அடினோ வைரஸால் வருவது. 1918-இல் சென்னையில் முதலில் பதிவானதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அந்த வைரஸையே 1953-இல்தான் பிரித்தெடுத்தார்கள். இது உங்களுக்குத் தெரியாததல்ல, டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்கள் நீங்கள். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பதும் தெரியும். ஆனாலும் அந்த சீசனில் கண் சொட்டு மருந்து பெட்டி பெட்டியாகப் போகிறது. ஒரு வாரம், பத்து நாளில் கண் தானாகத் தெளியும், பேர் மருந்துக்குப் போகும்.

பெரியவர்களோடு ஒப்பிட்டால் குழந்தைகளுக்குப் பாக்டீரியாவால் வரும் கண் வலி கூடுதல் என்பது உண்மைதான். சளி பிடித்த பிள்ளைக்கு, காலையில் இமை ஒட்டிக்கொண்டு மஞ்சள் பீளையோடு வரும் கண் வலி பெரும்பாலும் அந்த வகை. ஹீமோஃபிலஸ், நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள். சரி, அதற்காவது மருந்து அவசியமா? இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கண் வலியோடு வந்த 326 குழந்தைகளில் ஒரு பாதிக்குக் குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக் சொட்டு, மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் சொட்டு. 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஏழாம் நாளில் மருந்து போட்டவர்களில் 86 சதவீதம் பேருக்கு குணம், வெறும் சொட்டு போட்டவர்களில் 83 சதவீதம் பேருக்கு குணம். வேடிக்கை என்னவென்றால் அதே 2005-இல்தான் பிரிட்டனில் அந்தச் சொட்டை இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று அனுமதித்தார்கள். ஆக, இந்தத் தலைவலி நம் ஊருக்கு மட்டும் உள்ளதல்ல.

அதனால் சாதாரணக் கண் வலிக்கு நீங்கள் சொல்லக்கூடிய நல்ல வைத்தியம் காசு கேட்காத வைத்தியம். கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை துடைத்த பஞ்சை மறுபடி கண்ணில் வைக்க வேண்டாம். துண்டும் தலையணையும் தனியாக இருக்கட்டும், கை கழுவட்டும். இரண்டு மூன்று நாளில் குறையவில்லை, பீளை கொட்டுகிறது என்றால் மருத்துவரிடம் வரட்டும், அப்போது சொட்டு தேவைப்படலாம். வலி கடுமை, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கண்ணைச் சுற்றி வீங்கிக் காய்ச்சல், இப்படி ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும், அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

பச்சிளம் குழந்தை என்றால் பேச்சே வேண்டாம். பிறந்து ஒரு மாதத்துக்குள் கண்ணில் சீழ் கொட்டினால் அது வேறு வகைத் தொற்றாக இருக்கலாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி மருந்து தேவைப்படலாம், சொட்டை நம்பி ஒரு நாள் போனாலும் கருவிழி கெடலாம். அதே வயதில் கண் சிவக்காமல் சும்மா நீர் வடிந்துகொண்டே இருக்கும் குழந்தைகளும் உண்டு. அது கண்ணீர்ப் பாதை இன்னும் திறக்காததால் வருவது. மூக்கோரம் விரலால் அழுத்தி நீவி விடுவதை நாங்கள் சொல்லிக் கொடுப்போம். பத்தில் ஒன்பது குழந்தைக்கு ஒரு வயதுக்குள் அது தானாகச் சரியாகிவிடும். இந்தக் குழந்தைகளுக்கு மாதாமாதம் புதுக் குப்பி வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தாய்ப்பாலைக் கண்ணில் பீச்சுகிற பாட்டிமாரும் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம்.

இப்போது, இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். பெயருக்குப் பின்னால் 'டி' போட்ட குப்பி.

உங்கள் அலமாரியில் ஒரே நிறுவனத்தின் இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரே வண்ணம், ஒரே அளவு, ஒரே பெயர். ஒன்றில் மட்டும் கடைசியில் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதலாக நிற்கும். சிப்ரோஃப்ளாக்சசினோ மாக்சிஃப்ளாக்சசினோ, ஒரு ஆன்டிபயாடிக் மட்டும் இருப்பது ஒன்று, அதோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்தது மற்றொன்று. சில நிறுவனங்கள் 'டி' போடுவதற்குப் பதிலாக வேறு எழுத்து போடும், பீட்டாமெத்தசோனோ பிரெட்னிசலோனோ கலந்திருக்கும். ஸ்டீராய்டு கலந்த மருந்துக்கு வாடிக்கையாளர் மத்தியில் நல்ல பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியும். "போன தடவ குடுத்தீங்களே, அதக் குடுங்க, உடனே கேட்டுச்சு." கேட்கத்தான் செய்யும். சிவப்பையும் அரிப்பையும் ஸ்டீராய்டு ஒரே நாளில் அமுக்கிவிடும். உள்ளே இருக்கும் கிருமியை அது ஒன்றும் செய்யாது, சில கிருமிகளுக்கு வழிவிட்டு நிற்கும்.

வயலில் விளையாடும் பிள்ளைக்குக் கண்ணில் நெற்கதிரோ சோளத் தோகையோ கீறிவிடுகிறது என்று வையுங்கள். மதுரையில் செய்த ஆய்வில், கிருமி அடையாளம் காணப்பட்ட கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதிக்குப் பூஞ்சைதான் காரணம். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு போட்டால் இரண்டு நாள் வலி குறைந்தது போலத் தெரியும், புண் உள்ளே இறங்கும். ஹெர்பீஸ் வைரஸால் வந்த புண்ணிலும் இதே கதைதான். அந்தக் குழந்தை கண் மருத்துவரிடம் போய்ச் சேரும்போது கருவிழியில் தழும்பு நிலைத்துவிட்டிருக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று வரையுள்ள பையன்கள். வெயில் ஏறினால் இரண்டு கண்ணும் அரிக்கும், முஷ்டியை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பான், நூல் மாதிரி பிசுபிசுப்பாகப் பீளை வரும். இது அலர்ஜி, தொற்று அல்ல. வருஷா வருஷம் வரும். இவனுக்கு 'டி' குப்பி அமிர்தம் மாதிரி இருக்கும். முதல் தடவை சீட்டோடு வாங்குவார்கள், அப்புறம் காலிக் குப்பியைக் காட்டி வாங்குவார்கள், அப்புறம் பையனே சைக்கிளில் வந்து வாங்கிப்போவான். ஸ்டீராய்டு சொட்டு வாரக்கணக்கில் போனால் சிலருக்குக் கண்ணழுத்தம் ஏறும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குச் சீக்கிரமாக ஏறும். கண்ணழுத்தம் ஏறினால் வலிக்காது, சிவக்காது. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது பையனுக்குத் தெரியவே தெரியாது. கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும்போது பார்வை நரம்பு பட்டுப்போயிருக்கும், போன பார்வை திரும்பாது. பிள்ளைக்குக் கண்புரையும் வரலாம். இருபது வயதுக்குள் கண்ணழுத்த நோயால் பார்வை போனவர்களை ஏதாவது பெரிய கண் ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டுப் பாருங்கள். சிறுவயதில் என்ன சொட்டு போட்டாய் என்று அங்கே தவறாமல் கேட்பார்கள்.

அதனால் என் முதல் வேண்டுகோள் இதுதான். ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டுகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள். சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். பழைய சீட்டுக்கும் காலிக் குப்பிக்கும் கொடுக்காதீர்கள். கடைப்பையன் அவசரத்தில் பக்கத்துப் பெட்டியை எடுத்துவிடுகிற ஆபத்தும் அதோடு போகும்.

காது விஷயம் இதற்கு நேர் எதிர். அங்கே சொட்டு மருந்துதான் ராஜா, சரியான காதில் விழுந்தால். ஆனால் மூன்று வகைக் காது வலி உண்டு, மூன்றுக்கும் ஒரே குப்பிதான் போய்க்கொண்டிருக்கிறது.

அருவியில் குளித்துவிட்டு, கிணற்றில் குதித்து நீச்சலடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு வெளிக்காதுக் குழாயில் தொற்று வரும். காது மடலைத் தொட்டு இழுத்தாலே துள்ளுவான். இதற்கு ஆன்டிபயாடிக் சொட்டு நன்றாகக் கேட்கும், வாய்வழி மாத்திரை பொதுவாகத் தேவையில்லை. காதைக் குடையாமல், ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தது சளி பிடித்த மூன்றாம் நாள் நடுராத்திரியில் வீறிட்டு அழுகிற கைப்பிள்ளை. இது செவிப்பறைக்கு உள்ளே, நடுக்காதில் வருகிற வலி. செவிப்பறை ஓட்டையில்லாமல் மூடியிருக்கிறது. வெளியிலிருந்து விடும் ஆன்டிபயாடிக் சொட்டு அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போகாது. குப்பி முழுவதையும் ஊற்றினாலும் நோய் இருக்கும் இடத்தை அது தொடாது. அப்போது வேண்டியது எடைக்குத் தக்க பாரசிட்டமால். ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பத்தில் ஆறு குழந்தைகளுக்கு 24 மணி நேரத்தில் வலி அடங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று, கடும் காய்ச்சல், சீழ் வடிதல் என்றால் வாய்வழி ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும், அதை மருத்துவர் காதுக்குள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆக இந்தக் குழந்தைக்கு நீங்கள் சொட்டு விற்பது ஒன்றுக்கும் உதவாது, மறுநாள் காதுக்குள் பார்க்கிற எனக்கும் எண்ணெய்ப் பசையும் மருந்தும்தான் தெரியும்.

எண்ணெய் என்றதும் நினைவுக்கு வருகிறது. காது வலிக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடுவதை நிறுத்தச் சொல்லி நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விடுகிற வழக்கமும் அப்படித்தான்.

மூன்றாவது வகைதான் நம் ஊரில் அதிகமாகக் கண்டுகொள்ளாமல் விடப்படுவது. செவிப்பறையில் ஓட்டை விழுந்து, மாதக்கணக்கில் சீழ் வடியும் காது. நாட்பட்ட காதுச் சீழ் அதிகமுள்ள நாடுகளின் வரிசையில், மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கு மேல் பாதிக்கப்பட்டவை என்ற பிரிவில், உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை வைத்திருக்கிறது. "சளி காது வழியா வருது சார், வயசு வந்தா நிக்கும்" என்று வீட்டில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் சொன்னது காதில் ஏறாததால் மக்கு என்று பின் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். இங்கேதான் சொட்டு மருந்து மாத்திரையைவிட மேல். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்ற குயினலோன் சொட்டு ஓட்டை வழியாக நோயுள்ள இடத்துக்கே போகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் வடியும் காதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வைத்தியமும் இதுதான்: துணித் திரியால் காதை உலர்த்துவது, இரண்டு வாரம் குயினலோன் சொட்டு. செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்த குழந்தைகளுக்குச் சீழ் வடிந்தபோது நெதர்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2014-இல் வெளியானது. ஸ்டீராய்டும் கலந்த ஆன்டிபயாடிக் சொட்டு விட்டவர்களில் இரண்டு வாரத்துக்குப் பிறகும் சீழ் வடிந்தது 5 சதவீதம் பேருக்கு. அமாக்சிக்ளாவ் என்ற வாய்வழி ஆன்டிபயாடிக் குடித்தவர்களில் 44 சதவீதம். நம் வடியும் காதும் குழாய் வைத்த காதும் ஒன்றல்ல, ஆனால் மருந்து நேரே போய்ச் சேர்ந்தால் எப்படி வேலை செய்யும் என்பதற்கு அது நல்ல அத்தாட்சி. அமாக்சிக்ளாவ் சிரப் விலையையும் வயிற்றுப்போக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

(காதில் ஸ்டீராய்டு கலந்த சொட்டுக்கு இடம் உண்டு, கண்ணில் போல அழுத்தம் ஏறுகிற பயம் அங்கே இல்லை. எந்தக் காதுக்கு என்பதைப் பார்த்துவிட்டு எழுதுவது எங்கள் பொறுப்பு.)

ஆனால் ஓட்டையுள்ள காதில் எல்லாச் சொட்டும் விடக்கூடாது. ஜென்டமைசின், நியோமைசின் கலந்தவை உட்காதில் ஒலியை உணரும் உயிரணுக்களைக் கெடுக்கலாம். எல்லோருக்கும் ஆகாது, ஆனவருக்குக் கேள்வித்திறன் திரும்பாது. குயினலோன் சொட்டு பக்கத்திலேயே இருக்கும்போது இந்த ஆபத்தை எடுக்க வேண்டியதே இல்லை. நான்கு மருந்தை ஒன்றாகக் கலந்து வருகிற காதுச் சொட்டுகள் இருக்கின்றன அல்லவா, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, மரத்துப்போகும் மருந்து எல்லாம் ஒரே குப்பியில், அவற்றின் மேலட்டையை ஒரு தடவை நிதானமாக வாசித்துப் பாருங்கள். இதில் எது எந்தக் காதுக்கு என்று கம்பெனிக்கே தெரியாது என்பது என் எண்ணம். நாள்கணக்கு பார்க்காமல் ஆன்டிபயாடிக் சொட்டை விட்டுக்கொண்டே இருந்தால் காதில் பூஞ்சை பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்புப் பொடி தூவின மாதிரி உள்ளே தெரியும்.

எனவே காதுச் சொட்டு கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்: சீழ் வடிகிறதா, எத்தனை நாளாக? காது மடலைத் தொட்டால் வலிக்கிறதா? காய்ச்சல் உண்டா? காதுக்குப் பின்னால் வீங்கியிருக்கிறதா? பின்னால் வீக்கம், முகம் கோணல், தலைவலியோடு வாந்தி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நாறும் சீழ் வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கட்டாயம் போகச் சொல்லுங்கள். அது எலும்பை அரிக்கிற வகையாக இருக்கலாம்.

சீட்டோடு வருகிறவர்களுக்கும் உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. எப்படிப் போடுவது என்று நாங்கள் சொல்வது பாதி காதில் விழுவதில்லை. உதறும் பிள்ளைக்குக் கண் மருந்து போட எளிய வழி உண்டு. மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூக்கோர மூலையில் ஒரு சொட்டு விட்டுவிட்டுத் திறக்கச் சொன்னால் தானாக உள்ளே போகும். ஒரு சொட்டுக்கு மேல் கண்ணில் நிற்காது, மிச்சம் கன்னத்தில் வழியும். குப்பியின் முனை இமையில் படக்கூடாது. காதுக்கென்றால் குப்பியை முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றட்டும், குளிர்ந்த மருந்து விட்டால் பிள்ளைக்குத் தலை சுற்றும். சீழைத் திரியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, சொட்டு விட்டு, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தெலும்பை நாலைந்து தடவை அழுத்தி அழுத்தி விட வேண்டும். அப்போதுதான் மருந்து உள்ளே இறங்கும். ஐந்து நிமிடம் அப்படியே கிடக்கட்டும். பஞ்சை உள்ளே அடைத்து வைக்கக்கூடாது, பட்ஸ் கூடவே கூடாது.

திறந்த குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. பேனாவால் திறந்த தேதியை எழுதிக்கொடுக்க உங்களுக்கு அரை நிமிடம்தான் ஆகும். வீட்டில் நாலு பேருக்கு ஒரே குப்பி என்பது மெட்ராஸ் ஐ-யை வீடு முழுக்கக் கொண்டுபோகிற வழி. காது மருந்தைக் கண்ணில் விடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். அழுக்கு இளக்கும் காதுச் சொட்டும் கண் சொட்டும் ஒரே மாதிரிக் குப்பியில் வருவதால் ராத்திரி இருட்டில் மாறிவிடுகிறது.

சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று. 'பூசுற மருந்துக்குச் சீட்டு தேவையில்லை' என்ற பேச்சு கடைகளில் உலவுகிறது. சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை 'எச்'-இல் பல வெளிப்பூச்சு மருந்துகளுக்கு விலக்கு இருப்பது சரிதான், கண், காது, மூக்கு மருந்துகளுக்கு அந்த விலக்கு கிடையாது. பக்கத்து மாநிலமான கேரளாவில் 2024 தொடக்கத்திலிருந்து சீட்டில்லாத ஆன்டிபயாடிக் விற்பனையைப் பிடிக்க 'ஆபரேஷன் அம்ரித்' என்று கடைகளில் திடீர் சோதனை நடத்துகிறார்கள். செங்கோட்டையைத் தாண்டினால் அந்த ஊர். இங்கே சோதனை வருகிறவரை காத்திருக்க வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம்.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. சாதாரண சிவப்புக் கண்ணுக்கு எடுத்த எடுப்பிலேயே மாக்சிஃப்ளாக்சசின் எழுதுகிறவர்கள் எங்களில் உண்டு. எத்தனை நாள், எந்தக் காது என்று எழுதாமல் 'இரண்டு சொட்டு, மூன்று வேளை' என்று கிறுக்கி அனுப்புகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு சீட்டு வந்தால், யாருடையதாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். பள்ளிக்கூடங்களுக்கும் தனியாக எழுதப்போகிறேன். கண் சிவந்த பிள்ளையைச் சொட்டு போட்டால்தான் வகுப்பில் விடுவோம் என்று சொல்வதால்தான் பாதிப் பெற்றோர் உங்கள் கடைக்கு ஓடி வருகிறார்கள்.

அடுத்த மாதத்திலிருந்து நான் எழுதும் சொட்டு மருந்துச் சீட்டில் எந்தக் கண், எந்தக் காது, எத்தனை நாள் என்பதைத் தமிழில் எழுதி, முத்திரைக்குக் கீழே கிளினிக் போன் நம்பரும் போட்டுத் தருகிறேன். குப்பியைக் கேட்டு யாராவது சீட்டில்லாமல் வந்து, கொடுப்பதா வேண்டாமா என்று குழம்பினால் அந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். ஓ.பி. கூட்டம் இருந்தாலும் எடுப்பேன். ராத்திரி என்றால் பதினொன்று வரை.

அன்புடன்,
உங்கள் ஊர்க் குழந்தை மருத்துவர்